நேர்காணல்

சாரல் பிடித்த ஜூன் மாதத்தில்
கடைசித் தேதிக்கு முந்தின நாள் வருவார்,
கொல்லத்திலிருந்து வரும் பஸ்ஸில், புளியரையில் ஏறி.
செங்கோட்டை சார்கருவூலத்தில்
தான் இன்னும் உயிரோடிருப்பதை
என்னிடம் நிரூபிக்க வேண்டும்.

பெயர்: சு. உலகம்மாள்.
பதவி: இயற்பியல் பேராசிரியர், ஓய்வு.
அங்க அடையாளம்: வலது புறங்கையில் தழும்பு.
"கார்பன் வில்விளக்கு" என்றார், நான் கேட்காமலே.
பிறகு என் எழுத்தைத் தலைகீழாக வாசித்து
"நிறமாலைக்கு ழை வராது."

பணிப்பதிவேடு, பூச்சி தின்றது போக
நாற்பத்தேழு பக்கம்.
முதல் சம்பளம் சக்கரக் கணக்கில்.
ஐம்பத்தாறு அக்டோபர் முப்பத்தொன்றோடு
ஒரு மை முடிந்து
மறுநாளிலிருந்து வேறு மை.
அந்த ராத்திரி அவர் எங்கும் போகவில்லை.
அவர் பிறந்த ஊர்தான்
ஒரு ராஜ்யத்திலிருந்து இறங்கி
இன்னொன்றில் ஏறிக்கொண்டது.
அவர் திருவனந்தபுரத்தில்
தகரக் கூரைக்குக் கீழே
பதினெட்டு மணி நேரப் பதிவுக்குத் தகடு வைத்துக் காத்திருந்தார்.
திறந்தபோது திருவிதாங்கூர்-கொச்சி,
மூடியபோது கேரளம்.
தகட்டில் அதற்கான தடயம் ஏதுமில்லை.

பிற்பாடு நாகர்கோவிலுக்கு மாறி வந்ததில்
பென்ஷனில் யார் பங்கு எவ்வளவென்று
இரண்டு சர்க்காரும் பதினோரு வருஷம்
கடிதம் போட்டுக்கொண்டார்கள்.
அந்தக் கட்டுக்குள்தான் கிடைத்தது ஒரு ரசீது:
ஐஸ், இரண்டே கால் ரூபாய்,
மீன் லாரி யோகன்னானிடம்.
தணிக்கைக்காரர் ஓரத்தில் கேட்டிருக்கிறார்:
இயற்பியலுக்கு மீன் ஐஸ் எதற்கு?
கீழே சாய்ந்த கையெழுத்து:
குழாய் சூடாகிறது. ஐயா வந்து தொட்டுப் பார்க்கலாம்.

ஐம்பத்தொன்றில் ஒரு கோடு கண்டார்.
யாரும் காணாத மூலக்கூறு அது என்று
லண்டன் வரை தந்தி போயிற்று.
கல்லூரியில் ரவா லட்டு.
இரண்டு மழைக்காலம் கழித்து
அவரே எழுதினார்:
அது இரும்பு. என் மின்முனையில் கலந்திருந்த இரும்பு.
திரும்பப் பெறுகிறேன்.
யாரும் கேட்டிராத கடிதம்.

அதன் பிறகு பத்தொன்பது வருஷம்
அழுக்கை அளந்தார்.
எந்தக் கோட்டை நம்பக் கூடாது என்று
நானூறு பக்க அட்டவணை.
புதிதாக வருகிறவர்கள் முதலில் திறப்பது அதைத்தான்
என்று ஒரு ஜப்பான்காரர் எழுதியிருக்கிறார்.
பதிவேட்டில் விருதுகள் என்ற கட்டத்தில்
சிவப்பு மையில்: இல்லை.

அப்பா சுடலைமுத்து
சவுக்கையில் உப்பு மூட்டை பரிசோதித்தவராம்.
குத்தூசியில் ஒட்டியதை
அடுப்பில் தட்டுவாராம், மஞ்சளாய்ச் சீறுமாம்.
"படிச்சது அவ்வளவுதான்.
மிச்ச நாளெல்லாம் கருவி வாங்க அலைஞ்சது."

போன வருஷம் மழை விடவில்லை.
தெருவில் சோடியம் விளக்கு எரிந்துவிட்டது.
என் மேஜையில் கிடந்த சிடியை எடுத்து
வெளிச்சத்துக்குச் சாய்த்து நீட்டினார்.
சிவப்பு, பச்சை, கொஞ்சம் ஊதா.
மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில்
கருப்பாய் ஒரு கீறல்.
"லைட்டு பழுதா, மேடம்?"
"பழுதில்லை. உள்ளே எரியிற சோடியத்தை
ஓரத்துல ஆறின சோடியமே தின்னுது."
குடையை உதறி விரித்தார்.
"பஸ் வந்துட்டு."

இன்று ஜூன் முப்பது.
ஐந்தே முக்காலுக்கும் வரவில்லை.
விதிப்படி பெயருக்கு நேரே கோடு போட வேண்டும்.
அடிக்கோல் எடுத்தேன், வைத்தேன்.
நடக்க முடியாதவரை
வீட்டுக்கே போய் நேர்காணலாம் என்றும்
ஒரு விதி இருக்கிறது.
முப்பத்தோரு வருஷ சர்வீஸில்
அதை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

புளியரை சோதனைச்சாவடியில்
பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
படிவம் ஒன்று, மை ஒற்றும் பெட்டி,
சிடி.
"என்ன படம் சார்?" என்றான் காவலர் பையன்.
தெரு விளக்கு என்றேன்.